அரைமூட்டை என்பவர்

பெற்றோர் வைக்கும் பெயர் வெறும் ஆசை என்றும், அடையாள அட்டையில் இருக்கும் பெயர் சுத்தப் பொய் என்றும், ஒரு மனிதனுடைய உண்மையான பெயர் அவனுக்கு அவன் தெரு வைக்கும் பட்டப்பெயர்தான் என்றும், அதை அரசாங்கமே உத்தரவு போட்டாலும் அழிக்க முடியாது என்றும் வெல்டர் தன் பட்டறையில் நின்று அறிவித்தார். முகக்கவசத்தை நெற்றிக்கு மேல் தூக்கிவிட்டுக்கொண்டு, அடிபட்ட தளபதி மாதிரி நின்று சொன்னதால் யாரும் சிரிக்கவில்லை. கேட்டுக்கொண்டிருந்ததும் அவருடைய தங்கை ஒருத்திதான். அவள் அதை ஏற்கெனவே பத்துத் தடவை கேட்டிருக்கிறாள்.

அவளைத் தெருவில் எல்லோருக்கும் தங்கச்சி என்றுதான் தெரியும். அண்ணன் கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டுப் பழகி, பல் விழுந்த கிழவர்கள்கூட அவளைத் தங்கச்சி என்றார்கள். வெல்டர் இரும்பு கேட்டும் ஜன்னல் கிராதியும் பற்றவைப்பார். ஆறியதும் அவள் உட்கார்ந்து கசட்டைச் சுத்தியால் தட்டி எடுத்து, உப்புத்தாளால் தேய்த்து, செம்மண் நிற ப்ரைமர் அடிப்பாள். மணிக்கட்டு வரை அந்தச் சிவப்பு ஏறியிருக்கும். மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தாலும் நகக்கண்ணில் கொஞ்சம் மிஞ்சும். சோறு பிசையும்போது அவள் மகள், "அம்மா, இன்னைக்குக் குழம்பு வேண்டாம், உன் கையே போதும்" என்பாள்.

அந்தத் தெருவின் பட்டப்பெயர்களில் முக்கால்வாசி வெல்டர் வாயிலிருந்து வந்தவை. டீக்கடைக்காரருக்கு 'ஆறினது'. எப்போது வாங்கினாலும் அவர் டீ ஆறித்தான் இருக்கும். தையல்காரருக்கு 'நாளைக்கு'. தங்கச்சியின் கணவர் கொத்தனார். அவருக்கு 'ரசமட்டம்'.

ரசமட்டத்துக்கு அந்தப் பெயர் கிடைத்தது கல்யாணமான மறுநாள். காலையில் எழுந்ததும், கட்டில் சமமாக நிற்கிறதா என்று அதன்மேல் ரசமட்டத்தை வைத்துப் பார்த்தார். குமிழி இடப்பக்கம் ஓடியது. ஒரு காலுக்கு அட்டையை மடித்து முட்டுக் கொடுத்து, குமிழி நடுவில் வந்து நின்ற பிறகுதான் பல் தேய்க்கப் போனார். புதுப்பெண் இதை அண்ணியிடம் சொன்னாள், அண்ணி அண்ணனிடம் சொன்னாள், சாயங்காலத்துக்குள் தெரு முழுவதும் மாப்பிள்ளைக்குப் பேர் வைத்தாகிவிட்டது.

'அரைமூட்டை' என்று பேர் வாங்கினவனின் கதை இதற்கெல்லாம் மூத்தது. இருபது வருடத்துக்கு முன் அவன் கலவை போடும் ஆளாக இருந்தான். ஒரு மூட்டை சிமெண்டு போடச் சொன்ன இடத்தில் அரை மூட்டையைக் கொட்டி, மிச்சத்தைச் சைக்கிளில் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோனான். மூன்றாம் நாள் அவன் அம்மாவே கண்டுபிடித்தாள். உச்சி வெயிலில், அந்த அரை மூட்டையை மகன் தலையில் ஏற்றி, பின்னாலேயே அவளும் நடந்து, வேலை நடக்கும் இடத்தில் இறக்கி வைக்கச் சொன்னாள். வியர்வையில் சிமெண்டு கரைந்து அவன் நெற்றியிலிருந்து மூக்கு வரை சாம்பல் கோடாக வழிந்தது. தெருவே வாசலில் நின்று பார்த்தது. வெல்டர் மட்டும் வாயைத் திறந்தார். "வாடா அரைமூட்டை!"

அவ்வளவுதான். அதன் பிறகு ஒரு வருடம் டீக்கடையில் அவனுக்கு அரை கிளாஸ் டீதான் ஊற்றினார்கள். ஏன் என்று அவனும் கேட்கவில்லை. குடித்துவிட்டுக் கிளாஸைக் கழுவி வைத்துவிட்டுப் போவான்.

பிறகு அவன் சின்னதாக ஒரு கட்டட வேலையைக் குத்தகைக்கு எடுத்துச் செய்தான். அப்புறம் இரண்டு மாடி வீடு. அப்புறம் நான்கு மாடி. கட்டடம் மேலே எழும்ப எழும்பப் பெயர் கீழே உதிர்ந்துகொண்டு வந்தது. முதல் மாடி எழும்பியபோது 'அரைமூட்டை அண்ணன்' ஆனான். மூன்றாம் மாடியில் 'மூட்டை அண்ணன்'. கார் வந்தபோது வெறும் 'அண்ணன்'. தெருவுக்கு விளக்குப் போட்டுக் கொடுத்த பிறகு 'ஐயா'. இதற்கு மேல் அவரைப் பற்றி மரியாதையாகத்தான் சொல்ல வேண்டும். பள்ளிக்கூடத்தில் சிக்கனத்தைப் பற்றிப் பேச அவரைத்தான் அழைத்தார்கள். அவர் நன்றாகவே பேசினார். எதையும் வீணாக்கக் கூடாது என்றார். தெருவில் பழைய கதையைச் சொல்கிறவர்கள், "சின்ன வயசுலயே என்ன மூளை பாருங்க" என்று முடிக்க ஆரம்பித்தார்கள்.

வெல்டர் ஒருவர்தான் விடாமல் அரைமூட்டை, அரைமூட்டை என்று சொல்லிக்கொண்டிருந்தார். "ஐயாவாம் ஐயா! கார்ல ஏறுனா பேரு எறங்கிடுமா? டேய் ஆறினது, உன் நாக்கை என்கிட்டக் குடு, ரெண்டு புள்ளி பத்தவச்சு நேராக்கித் தர்றேன்" என்பார். டீக்கடைக்காரர் வேறுபக்கம் பார்த்துக்கொண்டு பாலைக் கிண்டுவார்.

வெயில் மண்டையைப் பிளந்த ஒரு மாதத்தில்தான் அது நடந்தது. ஐயாவின் ஆறு மாடிக் கட்டடத்தில், மூன்றாம் மாடி ஜன்னலுக்கு மேல் போட்ட சன்ஷேடு, முட்டுக் கட்டைகளை எடுத்த நான்காம் நாள் உடைந்து விழுந்தது. அதன்மேல் நின்று பூசிக்கொண்டிருந்த ரசமட்டமும் சேர்ந்து விழுந்தார். இரண்டாம் மாடிச் சாரம் குறுக்கே தடுத்ததால் உயிர் மிஞ்சியது. இடது கால் இரண்டு இடத்தில் முறிந்தது. கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த காவலாளிக்குத் தோள்பட்டை போனது. காவலாளி வெளியூர்க்காரர், புகார் கொடுத்துவிட்டார். அதனால் விசாரணை வந்தது.

விசாரணை ஆபீசர் ஆஸ்பத்திரிக்கே வந்து வாக்குமூலம் எழுதினார். வலியில் ரசமட்டம் உள்ளதை உள்ளபடி சொன்னார். கம்பியும் கணக்கும் சரிதான், கலவையில் சிமெண்டு பாதிதான் போட்டோம், வேண்டாம் என்று இரண்டு தடவை சொன்னேன், "போடு, நான் பாத்துக்கறேன்" என்றார், போட்டேன். யார் சொன்னது என்று ஆபீசர் கேட்டார்.

"அரைமூட்டைங்க."

ஆபீசர் அப்படியே எழுதிக்கொண்டார். அரைமூட்டை என்பவரின் உத்தரவுப்படி. ரசமட்டம் கீழே கையெழுத்துப் போட்டார்.

அடுத்த வாரமே ஐயாவின் கம்பெனி பதில் கடிதம் கொடுத்தது. அரைமூட்டை என்ற பெயரில் எங்களிடம் யாரும் இல்லை, எப்போதும் இருந்ததில்லை. கொத்தனார் தன் இஷ்டத்துக்குக் கலவை போட்டுவிட்டு, இல்லாத ஒருவர்மேல் பழி போடுகிறார்.

"உங்களுக்கு அவர் நிஜப் பேரு தெரியாதா?" தங்கச்சி தலையில் அடித்துக்கொண்டாள்.

மாவுக்கட்டுக் காலைத் தலையணைமேல் தூக்கி வைத்துப் படுத்திருந்த ரசமட்டம் கூரையைப் பார்த்தார். "தெரியும். யோசிச்சா தெரியும்."

"அப்ப யோசிச்சுச் சொல்லியிருக்கலாம்ல?"

"கால் ரெண்டா தொங்குது, எப்படி யோசிக்கறது? இருபது வருஷமா நம்ம வீட்டுல அப்படித்தானே பேசறோம். நம்ம தெருவுல யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்களே."

அவள் ஆபீசரிடம் ஓடினாள். அவர் கெட்டவர் இல்லை. மேஜைமேல் மதியச் சாப்பாட்டு டப்பா திறக்காமல் இருந்தது.

"இப்பப் பேரை மாத்திச் சொன்னா, யாரோ சொல்லிக் குடுத்து மாத்தறார்னு ஆகிடும்மா. அரைமூட்டைன்னா இவர்தான்னு உங்களையும் உங்க வீட்டுக்காரரையும் தவிர தெருவுல ஒருத்தர் சொல்லட்டும். ஒருத்தர் போதும். வியாழக்கிழமை நானே தெருவுக்கு வர்றேன்."

"யாரும் சொல்லலைன்னா சார்?"

"கொத்தனார் தப்புன்னுதான் எழுதணும். கேஸு அவர்மேல போகும். வேலை அட்டையும் ரத்தாகும்."

வேலை அட்டை போனால் ஒரு பெரிய கட்டடத்திலும் அவரை உள்ளே விடமாட்டார்கள். அதைவிட, 'ரசமட்டம் கட்டினது விழுந்துச்சாம்' என்ற ஒரு வரி போதும். கால் கூடினாலும் கொத்துக்கரண்டி பிடிக்க யாரும் கூப்பிட மாட்டார்கள்.

தங்கச்சி நேராகப் பட்டறைக்கு வந்தாள். வெல்டர் கையிலிருந்த வெல்டிங் ராடைக் கீழே போட்டார்.

"ஒருத்தரா? ஒருத்தர் எதுக்கு? அந்தப் பேருக்கு அப்பன் நான் இருக்கேன்! அவன் அம்மா அவன் தலையில மூட்டையை ஏத்துன நேரம், எத்தனை மணின்னு சொல்லட்டுமா? ஆபீசர் வரட்டும். எழுத அவருக்குக் காகிதம் பத்தாது."

"நிஜமா சொல்லுவியாண்ணே?"

"என்ன கேள்வி இது? மாப்ளைக்கு ஒண்ணுன்னா நான் பாத்துட்டு இருப்பேனா?"

அண்ணி உள்ளேயிருந்து, "வாயால முறுக்குப் பிழியறதுல உங்க அண்ணனை ஜெயிக்க ஆளில்ல" என்றாள். அது பாராட்டா என்று அப்போது யாருக்கும் யோசிக்க நேரமில்லை.

இருந்தாலும் எதற்கும் இருக்கட்டும் என்று தங்கச்சி டீக்கடைக்குப் போனாள்.

"அரைமூட்டையா?" டீக்கடைக்காரர் வடிகட்டியை உதறினார். "கேள்விப்பட்ட மாதிரி இருக்கு. எந்த ஊரு?"

"அண்ணே, நீங்கதானே ஒரு வருஷம் அரை கிளாஸ் டீ குடுத்தீங்க!"

"நானா? அப்பப் பால் கெடைக்காத காலம்மா. எல்லாருக்குமே அரை கிளாஸ்தான்."

தையல்காரர் அவ்வளவு பொய் சொல்லவில்லை. மெஷினை நிறுத்தி, மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, குரலைத் தாழ்த்தினார். "தங்கச்சி, ரசமட்டம் தங்கமான ஆளு. எனக்குத் தெரியாதா? ஆனா ஐயா ஆபீஸ்ல காவலாளிங்க சட்டை மொத்தமும் நான்தான் தைக்கறேன். என் பொண்ணு அங்கதான் வேலைக்குப் போறா. நான் யோசிச்சு நாளைக்குச் சொல்றேனே."

அவள் இதைச் சொன்னபோது வெல்டர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "'நாளைக்கு' நாளைக்குன்னுட்டான் பாத்தியா? பேரு வச்சது நான்தான். தப்பா வைப்பேனா?" பிறகு முகத்தை இறுக்கி, "சொரணை இல்லாத ஜென்மங்க. கார் சத்தம் கேட்டா முதுகு தானா வளையுது. என் முதுகு இரும்பு" என்றார்.

செவ்வாய்க்கிழமை மதியம் கார் பட்டறை வாசலில் நின்றது.

ஐயா தனியாகத்தான் வந்தார். முதலில் தகரக் கூரையைப் பார்த்தார், அப்புறம் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். கவிழ்த்துப் போட்ட பெயிண்ட் டின்மேல் தானாகவே உட்கார்ந்தார். சாய்த்து வைத்த கேட்டுக்குப் பின்னால் ப்ரைமர் அடித்துக்கொண்டிருந்த தங்கச்சியைக் கண்டுகொண்டார்.

"தங்கச்சி, மாப்பிள்ளைக்குக் கால் எப்படி இருக்கு?"

"இருக்குங்க."

"மனசு கேக்கல. நல்ல எலும்பு டாக்டர் ஒருத்தர் இருக்கார், நான் சொல்லி வைக்கறேன்."

அவர் குரலில் நடிப்பில்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. நிஜமாகவே மனசு கேட்கவில்லை போலிருந்தது. விசாரணையைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. வெல்டர் பக்கம் திரும்பினார்.

"அண்ணே, கண்ணு எப்படி இருக்கு? ராத்திரியில மணல் கொட்டுன மாதிரி எரியுதாமே? இப்ப நல்ல கவசமெல்லாம் வந்திருக்கு, வெளிச்சம் பட்டா கண்ணாடி தானா கருப்பாகும், ஒண்ணு அனுப்பி வைக்கறேன்."

வெல்டருக்குக் கண் எரிவதை அந்தத் தெருவில் அதுவரை யாரும் விசாரித்ததில்லை. தங்கச்சியும் விசாரித்ததில்லை. அது அந்த நிமிடம்தான் அவளுக்கு உறைத்தது.

"அதெல்லாம் பழகிப்போச்சு," என்றார் வெல்டர். ஒரு நொடி விட்டு, "...ங்க" என்றார்.

ஐயா பேசிக்கொண்டே போனார். ஆறு மாடிக்கும் பால்கனிக் கிராதி வேண்டும், மொத்தம் அறுபது. வெளியூர்க் கம்பெனிக்குக் கொடுக்கலாம் என்கிறார்கள், நம்ம தெருவில் ஆள் இருக்கும்போது எதற்கு? இந்தப் பட்டறை இடம்கூடப் போன மாதம் தன் கைக்கு வந்துவிட்டது. "அதைப் பத்தி நீங்க கவலைப்படாதீங்க. இங்கயே இருங்க. யார் எழுப்பப் போறா?" கடைசியாக ஒரு சின்ன வேலை. தன் புது வீட்டு கேட்டில் தன் பெயரை இரும்பு எழுத்தில் வைக்க வேண்டும். "வேற யாருகிட்டயும் குடுக்க மனசில்ல. என் பேரு உங்க கையாலதான் வரணும்."

அவர் பெயர் எழுதி நீட்டிய காகிதத்தை வெல்டர் வாங்கினார். வாங்குமுன் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார்.

கார் போன பிறகு வெகுநேரம் அவர் எதையும் பற்றவைக்கவில்லை. ராடுப் பெட்டியைத் திறந்து மூடினார்.

"பாத்தியா? என்னை அண்ணேன்னான்," என்றார்.

"பாத்தேன்."

"பயந்துட்டான். அதான் வந்திருக்கான்."

"பயந்த மாதிரி தெரியலைண்ணே."

"உனக்கு என்ன தெரியும்? நான் ஆளைப் பாத்தா அளந்துடுவேன்." பெட்டியிலிருந்து ஒரு ராடை எடுத்துத் துடைத்துக்கொண்டே, அவளைப் பார்க்காமல் சொன்னார்: "கட்டடத்துல கொஞ்சம் முன்னப்பின்ன எல்லாரும்தான் பண்றாங்க. அவன் ஒருத்தனையே சொல்லி என்ன பிரயோஜனம்? அஞ்சு கட்டடம் நிக்குதில்ல?"

அவள் பிரஷை டின்னில் போட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

"வியாழக்கிழமை ஆபீசர் வருவாருண்ணே."

"வரட்டும். சொல்றேன்னு சொன்னேன்ல? எத்தனை தடவை சொல்றது?"

அன்று இரவுச் சோற்றுக்கு அவள் முட்டை பொரித்தாள். ரசமட்டம் படுத்தபடியே சாப்பிட்டார். "மச்சான் இருக்கும்போது நமக்கு என்ன கவலை" என்று மகளிடம் சொன்னார். காலைக்கூட அசைக்க முடியாதவர், எதிர்ச்சுவரில் மாட்டியிருந்த கடிகாரம் ஒரு நூல் சாய்ந்திருக்கிறது என்று சொல்லி மனைவியை நாற்காலிமேல் ஏற்றி நேராக்கவைத்தார். அவள் ஏறி நேராக்கினாள். கார் வந்ததை அவரிடம் சொல்லவில்லை. அண்ணனைப் பற்றித் தப்பாக நினைத்துவிட்டோமோ என்று அவளுக்கே கூச்சமாக இருந்தது.

வியாழக்கிழமை மேகம் போட்டிருந்தது. மழை வரவில்லை, புழுக்கம் மட்டும் இறங்கியது. ஆபீசர் கக்கத்தில் கோப்போடு முதலில் டீக்கடைக்குப் போனார். டீக்கடைக்காரர் பாலைக் கிண்டியபடியே இல்லை என்று தலையாட்டுவது பட்டறையிலிருந்து தெரிந்தது. தையல்கடை மூடியிருந்தது. கதவில் 'நாளை வரவும்' என்று அட்டை தொங்கியது.

பட்டறையில் வெல்டர் கேட்டுக்கான இரும்பு எழுத்துகளை வெட்டிக்கொண்டிருந்தார். பாதிப் பெயர் முடிந்து மரப்பலகைமேல் வரிசையாகக் கிடந்தது. ஒவ்வொரு எழுத்தும் ஒரு முழ உயரம். ஓரங்களை அவரே தேய்த்து மழமழப்பாக்கியிருந்தார். வழக்கமாக அது தங்கச்சியின் வேலை. புதுக் கவசம் அவர் தலையில் இருந்தது.

"நீங்கதான் வெல்டரா? எல்லாரும் உங்களைத்தான் கேக்கச் சொல்றாங்க," என்றார் ஆபீசர். "பட்டப்பேர் விஷயத்துல நீங்க பெரிய ஆளாமே."

வெல்டர் சிரிக்க முயன்றார். "சும்மா, வெளையாட்டுக்குச் சொல்றதுங்க."

"அரைமூட்டைன்னு யாரைச் சொல்லுவாங்க?"

தங்கச்சி பிரஷோடு எழுந்து நின்றாள். ப்ரைமர் சொட்டுச் சொட்டாக அவள் பாதத்தில் விழுந்தது. வெல்டர் பலகைமேலிருந்த ஒரு எழுத்தை எடுத்து, நேராக இருந்ததையே மறுபடி நேராக வைத்தார்.

"அப்படி யாரும் இல்லீங்க."

"அண்ணே," என்றாள் அவள்.

ஆபீசர் பலகையைப் பார்த்தார். எழுத்துக் கூட்டிப் படித்தார். "இது யார் பேரு?"

"அது ஐயா பேருங்க."

"இவருக்குப் பட்டப்பேர் ஏதாவது?"

"பெரியவங்களுக்கு யாருங்க பட்டப்பேர் வைப்பா?"

"அவர்தாங்க!" தங்கச்சி முன்னால் வந்தாள். "அந்த எழுத்துல இருக்கறவர்தாங்க அரைமூட்டை. பேரு வச்சதே இவருதான். இந்த இடத்துல நின்னு ஆயிரம் தடவை சொல்லியிருக்கார். சொல்லுண்ணே. அண்ணே, அவரைப் பாக்காட்டி போவுது, என்னைப் பாத்துச் சொல்லு."

ஆபீசர் பேனாவை நிறுத்தி வைத்துக்கொண்டு காத்திருந்தார். அவசரப்படுத்தவில்லை. நியாயமாகக் காத்திருந்தார்.

வெல்டர் தங்கையைப் பார்க்கவில்லை. அவளுக்கு மட்டுமல்ல, ஆபீசருக்கே சரியாகக் கேட்காத குரலில் சொன்னார். "வீட்டுல கஷ்டம்ங்க. மாப்ளை படுத்துட்டார். தங்கச்சி என்ன பேசுதுன்னு அதுக்கே தெரியல. பாவம்."

ஆபீசர் ஏதோ எழுதினார். இரண்டு வரிதான். காகிதத்தைத் திருப்பிப் பலகைமேல், எழுத்துகளுக்கு நடுவில் வைத்தார்.

"இங்க கையெழுத்துப் போடுங்க. பக்கத்துல பேரு எழுதணும். உங்க பேரு என்ன?"

"வெல்டர்னு போட்டுக்கலாம்ங்க..."

"அது தொழிலய்யா. அடையாள அட்டையில என்ன இருக்கு?"

வெல்டர் உள்ளே போய், சட்டை மாட்டும் ஆணியிலிருந்து பையை எடுத்து, அட்டையைத் தேடி எடுத்துவந்தார். கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்து, ஒருமுறை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார். பிறகு குனிந்து, மெதுவாக, அதில் இருந்தபடியே ஒரு எழுத்து விடாமல் பார்த்து எழுதினார்.